பகையின்றிப் பிரிவது பழியா?

திருமணம் "ஆயிரங்காலத்துப் பயிர்" என்பர். நல்ல உவமைதான், மறுக்கவில்லை. ஆனால், பயிர் பட்டுப்போன பின்னும் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கும் உழவன் உண்டோ? இருந்தால் ஊரார் நகைப்பர். அதே ஊரார்தான், அன்பு பட்டுப்போன இல்லத்தில் இருவரை அடைத்துவைத்து, "பொறுத்துக்கொள், போகப் போகச் சரியாகும்" என்று உபதேசம் புரிகின்றனர்!

கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுகின்றனர். "நம்மால் இணைந்து வாழ இயலவில்லை, இகழாமல் பிரிவோம்" என்று முடிவு காண்கின்றனர். அடியில்லை, வசையில்லை, அவதூறில்லை. கேட்டதும் சுற்றம் கொதித்தெழுகிறது. "குற்றம் யார் மீது?" இதுதான் முதற்கேள்வி! அவன் அடித்தான் என்றால் இரங்குவர். அவள் நடத்தை கெட்டவள் என்றால் நம்புவர். இருவரும் நல்லவர், இணைதான் பொருந்தவில்லை என்றால் மட்டும் ஏற்க மறுப்பர்!

சட்டமும் ஒரு காலத்தில் இக்கேள்வியைத்தான் கேட்டது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், இருவரும் இசைந்தால் மணவிலக்குப் பெறலாம் என்றது. அடுத்த ஆண்டு வந்த இந்துத் திருமணச் சட்டமோ அவ்வாயிலைத் திறக்கவில்லை. விடுதலை வேண்டுமா? துணைவர் ஒழுக்கங்கெட்டு வாழ்கிறார் என்று மெய்ப்பி! தீராத பித்து என்று மெய்ப்பி! வீட்டில் முடிந்த உறவை வீதியில் தூற்றச் சொன்னது சட்டம்.

21 ஆண்டுகள் கழித்து, 1976இல் வந்த திருத்தம் அந்த அவலத்துக்கு விடை தந்தது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள், இனி இணைந்து வாழ இயலாது என்று ஒப்பி, இருவருமாக ஒரே மனுவைத் தரலாம். ஆறு திங்கள் கழித்து மீண்டும் வந்து, முடிவில் மாற்றமில்லை என்று உரைத்தால் போதும். உரிய சூழலில் அந்த ஆறு திங்களையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. குற்றவாளி எவருமில்லை, கூண்டில் ஏறுவோருமில்லை.

சட்டம் நடந்துவிட்டது, சமுதாயமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது! ஆணுக்கும் பெண்ணுக்கும் மணவிலக்கு உரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் நிறைவேறிய ஆண்டு 1929. இன்னுமா தயக்கம்?

"குழந்தைகளின் கதி?" என்று கேட்பர். நாள்தோறும் குழந்தைகளின் முகம் பார்ப்பவன் சொல்கிறேன்: இரவெல்லாம் பெற்றோரின் பூசல் கேட்டு, கண் சிவந்து வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, அந்த ஒரே கூரை தந்தது என்ன? தாயும் தந்தையும் இரு வீட்டில் வாழ்வது துயரந்தான். ஒரே வீட்டில் பகைவராய் வாழ்வதோ பெருந்துயரம்!

"கல்லானாலும் கணவன்" என்று பழமொழி காட்டுவர். கல்லோடு குடித்தனம் நடத்த அவளென்ன சிலையா? அன்பற்ற மனையில் புழுங்கும் ஆண்மகனுக்கோ, ஆறுதலாகக்கூட ஒரு பழமொழி இல்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இசைவு என்ற பெயரில் ஏமாற்று நுழைந்துவிடக் கூடாது. "சுமுகமாக முடிப்போம், கையெழுத்துப் போடு" என்று மிரட்டி, அவளுடைய நகையையும் வாழ்க்கைப் பொருளுதவியையும் விழுங்கப் பார்ப்போர் உண்டு. அச்சத்தில் இட்ட கையொப்பம் இசைவாகாது. வன்முறையாலோ வஞ்சகத்தாலோ பெற்றதன்று அந்த இசைவு என்று நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பு வருமுன் ஒருவர் தம் இசைவைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் உச்சநீதிமன்றம் உரைத்ததும் அந்தக் காப்புக்காகத்தான்.

எனவே, உற்றாரே! "குற்றம் யார் மீது?" என்று துருவாதீர். "குழந்தைக்கு என்ன ஏற்பாடு? அவளுக்குரியது அவள் கைக்கு வந்ததா? இருவரும் அச்சமின்றித்தான் ஒப்பினரா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், வாழ்த்தி வழிவிடுங்கள்.

மணநாளில் இருவரிடமும் சம்மதம் கேட்டோம் என்று பெருமை பேசுகிறீர்களே! சேரும்போது அவர்கள் தந்த சம்மதம் புனிதம் என்றால், பிரியும்போது அதே இருவர் தரும் சம்மதம் மட்டும் எப்படிப் பாவமாகும்?