எழுதியவரே பேய்க்கதை சொன்னால் ஏன் கூடுதலாகப் பயமாக இருக்கிறது?

ஹெட்போனை மாட்டி, லைட்டை அணைத்து, போர்வைக்குள் புகுந்துகொண்டு பேய்க்கதை கேட்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இருக்கு. கோவையில் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வர ராத்திரி பதினொன்று ஆகிவிடும். அதற்கு மேல் படிக்கக் கண் ஒத்துழைக்காது, காது மட்டும் ஒத்துழைக்கும். பாக்கெட் எஃப்.எம்., குக்கு எஃப்.எம்., யூடியூப் என்று எங்கே தட்டினாலும் தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே சங்கதிதான். இடி இடிக்கும், ஆந்தை அலறும், சலங்கை கேட்கும், கணீர் குரலில் ஒருவர் ‘அந்த நள்ளிரவு நேரத்தில்...’ என்று ஆரம்பிப்பார். பத்தாவது நிமிடத்தில் நான் தூங்கிவிடுவேன். நிஜமாகவே நல்ல தூக்கம் வரும்.

எப்போதாவது ஒரு கதையை அதை எழுதியவரே சொல்வார். குரல் சுமாராக இருக்கும். மூச்சு வாங்கும். தாள் திருப்பும் சத்தம்கூடக் கேட்கும். அன்றைக்குத்தான் தாகம் எடுத்தாலும் சமையலறைப் பக்கம் போக மாட்டேன். ஏன் இப்படி? கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசனை என்னை சென்னிமலைக்கே கொண்டுபோய் விட்டது.

ராட்டை நிற்கும் இடம்

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயத்தால் தெரியும். மலைமேல் இருக்கும் முருகன் ஒன்று, கைத்தறிப் போர்வை இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றும் சொல்லலாம். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் சென்னிமலையில்தான் அரங்கேறியது என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் செய்தி. கவனித்துக் கேட்டால் தெரியும், அதற்குள் ஒரு முழு பேய்ப் பட்டியலே இருக்கிறது. காட்டேரி, பிரம்மராட்சதர், கொள்ளிவாய்ப் பேய், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் புழக்கடை முனி வரைக்கும். பயத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரட்டுகிற ஊரில் வளர்ந்ததால், பேய்க்கதை எங்களுக்கு அன்னியம் இல்லை.

அம்மாயி வீட்டில் குழித்தறி இருந்தது. அப்புச்சி தறியில் உட்கார்ந்திருக்க, அம்மாயி பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். லீவுக்குப் போகும் பேரப்பிள்ளைகளுக்கு ராத்திரி அங்கேதான் கதை. அம்மாயியிடம் ஒரே ஒரு பேய்க்கதைதான் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அவரே கட்டிய கதை.

வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண். பொழுது சாயும் நேரத்தில் கிணற்றுக்குத் தண்ணீர் சேந்தப் போகிறாள், திரும்பவில்லை. அதற்குப் பிறகு ராத்திரியானால் கிணற்று உருளை தானாகச் சுற்றும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அம்மாயியின் ராட்டையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் கிரீச்சிடும். உருளை சுற்றும் இடம் வந்ததும் ராட்டையைச் சட்டென்று நிறுத்திவிடுவார். சத்தமே இருக்காது. “கேட்டுச்சா கண்ணு?” என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ ஒன்று கேட்கும்.

நடுவில் ஒரு வரி வரும். “அவளுக்குப் பதினேழு வயசு கண்ணு. பொறந்த ஊட்டுலருந்து ஒருத்தருமே தேடி வல்ல.” அந்த இடத்தில் மட்டும் அம்மாயியின் குரல் இறங்கிவிடும். அதுவும் பயமுறுத்தும் உத்தி என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். அம்மாயி போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெண் நிஜம். அதே வளவில் இருந்தவள், அம்மாயியின் வயதுதான். உருளைச் சத்தம் மட்டும்தான் அம்மாயியின் கற்பனை.

ஒரு கதையில் எது நடந்தது, எது சேர்த்தது என்பது கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அது குரலில் கசிகிறது. கேட்கிற நமக்கு எது எது என்று பிரிக்கத் தெரியாது, ஆனால் கசிவது மட்டும் தெரிகிறது. எழுதியவர் சொல்லும்போது கூடுதலாக வரும் பயத்துக்கு என் விளக்கம் இதுதான்.

டிக்கன்ஸின் நாடித்துடிப்பு

இது சென்னிமலை சமாச்சாரம் மட்டும் இல்லை. ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் நான்சி என்ற பெண்ணை சைக்ஸ் அடித்தே கொல்லும் காட்சி உண்டு. அதை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ், 1869 ஜனவரியிலிருந்து மேடையில் தானே வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். நண்பர்கள் வேண்டாம் என்றார்கள், அவர் கேட்கவில்லை. வாசிப்புக்கு முன்னும் பின்னும் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். சாதாரணமாக 72 இருக்கும் துடிப்பு, நான்சி வாசிப்புக்குப் பிறகு 110-ஐத் தாண்டியது. 1870 மார்ச்சில் கடைசி மேடை, ஜூனில் மரணம். வாசிப்பால்தான் இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தான் எழுதிய கொலையைத் தன் வாயால் சொல்வது அந்த மனிதரின் உடம்பில் ஏதோ செய்தது. அதை எண்ணாகவே குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

எம்.ஆர். ஜேம்ஸ் இதற்கு நேர் எதிர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அறிஞர், அலட்டல் இல்லாதவர். 1893-ல் ஒரு சின்ன நண்பர் குழுவுக்குத் தன் பேய்க்கதைகளை வாசிக்க ஆரம்பித்தார். பிறகு கிறிஸ்துமஸ் காலத்தில் அதுவே வழக்கமானது. அப்போதுதான் எழுதி முடித்த கையெழுத்துப் பிரதியோடு வருவார், ஒரு மெழுகுவர்த்தியைத் தவிர மற்றதையெல்லாம் ஊதி அணைப்பார், உட்கார்ந்து படிப்பார். பிஜிஎம் இல்லை. அந்தக் கதைகள் 1904-ல்தான் புத்தகமாக வந்தன. அதாவது காதுக்காகப் பிறந்து, பிறகு கண்ணுக்கு வந்த கதைகள்.

ரேடியோ வந்ததும் இதே வேலையைச் செய்தவர் அல்ஜெர்னன் பிளாக்வுட். பேய்க்கதை எழுத்தாளரான அவர் 1930-களில் பிபிசி வானொலியில் தன் கதைகளைத் தானே சொல்லப் போனார். 1936 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சி தொடங்கிய நாளிலேயே திரையிலும் வந்தார். அப்போது அவருக்கு வயது 67. இன்றைக்கு யூடியூபில் முகம் காட்டி அமானுஷ்யக் கதை சொல்பவர்களுக்கெல்லாம் தாத்தா அவர்தான்.

தமிழில்? ‘காஞ்சனை’யைப் புதுமைப்பித்தன் குரலில் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1948-லேயே போய்விட்டார். அந்தக் கதையைச் சொல்கிற ‘நான்’ ஓர் எழுத்தாளன். வீட்டுக்கு வந்த அந்தப் பெண் யார் என்று அவனுக்கே கடைசிவரை உறுதியாகத் தெரியாது. அந்தச் சந்தேகத்தை எழுதியவரே சொல்லிக் கேட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு.

ஒரு வரிக்கு இரண்டு விநாடி

இனி சொந்தக் கதை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாயியின் கதையை எழுதி ஓர் ஆடியோ தளத்துக்குக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். வாசித்தவர் திறமையானவர், உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ‘பொறந்த ஊட்டுலருந்து’ என்பது ‘பிறந்த வீட்டிலிருந்து’ என்று ஆகியிருந்தது. ‘ஒருத்தருமே தேடி வல்ல’ என்ற இடத்தை இரண்டு விநாடியில் கடந்துவிட்டார். அடுத்து இடி, சலங்கை, ஒரு சிரிப்பு. கமெண்ட்டில் ‘செம த்ரில்’ என்று போட்டிருந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டுப் போன் பண்ணினார். “இது எங்கம்மா கதை இல்ல கண்ணு. இதுல அந்தப் புள்ளையப் பேயாக்கிட்டாங்க.”

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். நம் பேய்க்கதைகளில் பேய் யார்? பெரும்பாலும் பெண். கிணற்றில் விழுந்தவள், புளியமரத்தில் தொங்கியவள், பிரசவத்தில் போனவள். அவள் எப்படிச் செத்தாள் என்பதற்கு ஒரு வரி. செத்த பிறகு யாரையெல்லாம் பயமுறுத்தினாள் என்பதற்கு மீதி அரை மணி நேரம். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போவது வாடகைக் குரலுக்குச் சுலபம். ஏனென்றால் அந்தச் சாவுக்கு அவர் பொறுப்பு இல்லை, நிமிடக் கணக்குக்குத்தான் பொறுப்பு. அவர் மேல் தப்பு சொல்லவில்லை, அது அவர் வேலை. ஆனால் எழுதியவர் அந்த வரியில் தடுக்கி விழுவார். விழவேண்டும்.

“எல்லா எழுத்தாளரும் நல்லா வாசிப்பாங்களா?” என்று கேட்கலாம். இல்லவே இல்லை. மைக்கைப் பார்த்ததும் ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப் போட்டிக்குப் போய்விடுகிற எழுத்தாளர்களும் இருக்கிறார்கள், ஒரே மூச்சில் முணுமுணுத்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாவலுக்கு, வரலாற்றுக்கு, சுயமுன்னேற்றத்துக்குப் பயிற்சி பெற்ற குரல்தான் வசதி, மறுக்கவில்லை. பேய்க்கதை மட்டும் விதிவிலக்கு. அதில் பிசிறு இல்லாத குரல்தான் சிக்கல். ‘இவருக்கு எதுவும் ஆகவில்லை’ என்று அந்தக் குரலே நம்மிடம் சொல்லிவிடுகிறது.

இப்போது ஏஐ குரலும் வந்துவிட்டது. மூச்சே வாங்காது. இங்கே எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு சட்டத் தகவல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி கதைக்கான உரிமை எழுத்தாளருக்கு. அதைத் தன் குரலில் நிகழ்த்தினால், அந்த நிகழ்த்துதலுக்கு என்று தனியாக ‘நிகழ்த்துநர் உரிமை’ உண்டு, அதற்கு ஐம்பது ஆண்டுக் காலம். அதாவது நீங்களே சொன்னால் உங்கள் கையில் இருப்பது இரண்டு உரிமை. ஒப்பந்தத்தில் ‘எல்லா வடிவங்களிலும்’ என்று ஒரு வரி வந்தால், உங்கள் குரலைப் பிரதி எடுக்கவும் அதில் வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் கேட்காமல் போட்டேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்தக் கதையை நானே பதிவு செய்தேன். ஸ்டுடியோ எல்லாம் இல்லை, போன்தான். சுவரில் மோதி எதிரொலிக்காமல் இருக்கத் தடித்த துணி கட்டினால் போதும் என்பார்கள். துணிக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? மூன்று போர்வையைக் கொடியில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அம்மாயி சொன்ன பேச்சிலேயே, ‘ஊடு’ என்றால் ஊடு என்றே சொன்னேன். பதினேழு வயசு என்ற இடத்தில் எனக்கும் குரல் போய்விட்டது. திரும்ப எடுக்கவில்லை.

எடிட் செய்யும் ஆப் தானாகவே மௌனங்களை வெட்டுகிறது. கேட்பவர் அலுத்துப்போகாமல் இருக்க அப்படி ஒரு வசதியாம். ராட்டை நின்ற இடத்தை, நான்கு விநாடி, அது சுத்தமாக எடுத்துவிட்டிருந்தது. தேடிக் கண்டுபிடித்து அந்த நான்கு விநாடியைத் திரும்ப ஒட்டி அம்மாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் முதலில் சத்தமே இல்லை. பிறகு, “அவ பேரச் சொல்லாம உட்டுட்டியே கண்ணு” என்றார்.