ஏரிக்குக் கணக்கு கேட்பது யார்?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் காஞ்சிபுரம் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். தாமல் 18.60 அடி, தென்னேரி 18 அடி, உத்திரமேரூர் 20 அடி. எது நிரம்பியது, எது பாதி, எந்தக் கலங்கலில் தண்ணீர் போகிறது என்று தினமும் சொல்வார்கள். தை பிறந்ததும் பட்டியல் நின்றுவிடும். அதன் பிறகு வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் லாரிக்காரருக்கும் சரி, அதிகாரிக்கும் சரி, தென்னேரி என்பது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டுமே.

இத்தனைக்கும் மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளில் அது ஒன்று. தொண்டைமான் இளந்திரையன் வெட்டியது, ஆதியில் திரையனேரி என்றிருந்தது என்பார்கள். வெட்டியவர் யாராக இருந்தாலும் ஊரின் மண்வாகு தெரிந்தவர். வற்றாத ஆறு இல்லாத நாடு இது; பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் சம்பாவும் நவரையும். கொஞ்சம் மிஞ்சினால் சொர்ணவாரி. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகும் காஞ்சிபுரத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் 381 ஏரிகள் இருக்கின்றன. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் குளங்களும் வேறு கணக்கு.

தொண்டை மண்டலத்து ஏரிகள் தனித்தனியாக வாழ்வதில்லை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு கால்வாய் தூர்ந்தால் கீழே உள்ள கரையை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் இல்லை. கரைக்குக் கான்கிரீட் போடும் திட்டங்களுக்குக் கிடைக்கிற பணமும் புகைப்படமும் வரத்துக்கால்வாய்க்குக் கிடைப்பதில்லை. காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் மண்டிய வாய்க்காலின் முன் நின்று திறப்பு விழா நடத்த முடியாதே.

நீர்நிலைப் பாதுகாப்பு என்றதும் பேச்சு நிதி ஒதுக்கீட்டுக்குப் போய்விடுகிறது. தென்னேரி போன்ற ஏரிகளின் நோய்க்குக் காரணம் பணமின்மை அல்ல, பொறுப்பாளர் இன்மை. இந்த மாவட்டத்துக்கே இது ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக எல்லாப் பாடநூலிலும் இடம்பிடித்தவை. பாடநூல்கள் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று அவற்றில் உண்டு. ஏரி வாரியம் என்று 6 பேர் கொண்ட குழு. பதவிக்காலம் 360 நாள். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது; அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. அந்த முறையில் சாதியும் சொத்தும் யாரையெல்லாம் வெளியே நிறுத்தின என்பதை மறந்து பொற்காலம் பாட வேண்டியதில்லை. ஆனால் ஏரியின் கணக்கைக் காட்டாதவருக்கு அடுத்த தேர்தல் இல்லை என்ற அந்த ஒரு விதியை இன்று எந்தக் கட்சி ஏற்கும்?

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரியின் வருமானம் அரசாங்கத்துக்குப் போனது, வேலை மட்டும் குடிகளிடம் தங்கியது. குடிகளே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து தானாக நடக்காமல் போனபோது 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தார்கள். உரிமையைப் பிடுங்கிக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் யார் வருவார்?

குடிமராமத்து என்ற பெயர் 2017 மார்ச்சில் திரும்பி வந்தது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அதைத் தொடங்கிவைத்ததும் அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில்தான். ஆயக்கட்டுக்காரர்கள் 10 விழுக்காடு பங்களிக்க வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் வேலை முடிந்த பிறகு அந்த ஏரி யாருடையது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தூர்வாரிய வாய்க்காலில் இரண்டு மழைக்காலம் போனால் மறுபடி காட்டாமணக்கு.

தூர்வாருவதிலும் ஒரு சூது உண்டு. ஏரி மதகின் அடிமட்டம் எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் வாய்க்காலில் தானாகப் பாயும். பல நூறு ஆண்டு வண்டல் அந்த மட்டத்துக்கு மேல் படிந்து கொள்ளளவைத் தின்கிறது. அதைப் பரவலாக, மேலோட்டமாக வழித்தெடுத்து வயலில் போட்டால் ஏரிக்கும் லாபம், நிலத்துக்கும் உரம். ஆனால் லாரிகள் தேடுவது வண்டலை அல்ல. சாலைக்கும் மனைக்கும் கொட்டுவதற்கான சவுடு. அதற்காக ஒரே இடத்தில் கிணறுபோல் தோண்டுகிறார்கள். மதகுக்குக் கீழே போன அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் நிலத்தடிக்கு ஊறுவது போக ஒரு சொட்டுகூட வயலுக்கு வராது. கோடையில் மாடும் சிறுவர்களும் தவறி விழுவதற்குத்தான் பயன்படும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று 2024-இல் நடைமுறையை எளிதாக்கியது வரவேற்க வேண்டிய முடிவு. எத்தனை அடி ஆழம், எந்த இடத்தில் என்பதை அளந்து பார்க்கக் கரையில் ஆள் இருந்தால் அந்த முடிவு இன்னும் பயன்படும்.

அந்த ஆள் ஒரு காலத்தில் இருந்தார். நீர்க்கட்டி என்பார்கள். எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாள் முறை என்பதெல்லாம் அவர் கையில். கூலி நெல்லாக வந்தது. போர்வெல் வந்தது, மின்சாரம் இலவசமானது. ஏரியை நம்பாதவர் தொகை கூடியது. நீர்க்கட்டிக்கு நெல் அளப்பது குறைந்தது. இன்று தமிழகம் உறிஞ்சும் நிலத்தடி நீரில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயத்துக்குப் போகிறது. ஏரி காய்ந்தால் அந்தக் கிணறும் காயும். மோட்டார் போட்டவருக்கும் ஏரிதான் வங்கி. அவர் கணக்கு வைத்திருப்பது மட்டும் வேறு பெயரில்.

காஞ்சிபுரம் நகரத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு நிறம். பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று நெசவாளர் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அதே நகரத்தின் சாயக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் மஞ்சள் நீர் கால்வாய் வழியே நத்தப்பேட்டை ஏரியில் சேர்கின்றன. மழைநீர் போகவென்று இருந்த கால்வாய் அது. பட்டுச்சேலை விலையில் சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவு சேரவில்லை; அந்தச் செலவை நத்தப்பேட்டைக்காரர்கள் கட்டுகிறார்கள்.

பரந்தூர் விமான நிலைய விவகாரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2022-இல் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் போராடுவது வீட்டுக்காகவும் வயலுக்காகவும் மட்டுமல்ல. திட்டப் பரப்பில் ஏரிகளும் குட்டைகளும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அதன் வழியே ஓடுகிறது. கால்வாயைத் திருப்பிவிடலாம் என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். ஓடுதளத்தைத் தண்ணீர் இல்லாத இடத்துக்கு மாற்றலாம் என்று ஏன் அதே எளிமையோடு சொல்ல முடிவதில்லை? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததைப் பார்த்த மாநிலம் இது.

செய்ய வேண்டியதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் 2000-இலேயே வந்துவிட்டது. ஏரிப் பாசனச் சங்கங்களுக்கு அதில் இடம் உண்டு. சங்கத்துக்குக் கையில் காசு இல்லாததுதான் குறை. ஏரி மண்ணின் வருமானத்திலும் மீன் குத்தகைப் பணத்திலும் ஒரு பங்கு அந்த ஏரியின் பெயரிலேயே தங்கட்டும். அதிலிருந்து நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் போகட்டும். எவ்வளவு வந்தது, எந்த வாய்க்காலுக்குச் செலவானது என்பதை அக்டோபர் 2 கிராம சபையில் படிக்கட்டும். வடகிழக்கு மழைக்கு அப்போது இரண்டு மூன்று வாரம் இருக்கும். அடைந்த வாய்க்காலைத் திறந்துவிட அது போதும்.