பறித்த வாக்குரிமையைத் திரும்பக் கொடு!

இணையத்து முகவரிப் பெயர்களை ஆள்வது எந்த நாட்டரசும் அன்று. ஒன்றிய நாடுகள் அவையும் அன்று. 1998-இல் அமெரிக்கக் கலிபோர்னியாவில் பதிவுபெற்ற 'ஐகேன்' என்னும் தனியமைப்பே ஆள்கின்றது. '.காம்', '.ஆர்க்' போன்ற ஈறுகளுள் எவை உலகில் வழங்கலாம், அவற்றை எவர் நடத்தலாம் என்றெல்லாம் வகுப்பது அதுவே. அங்கே தனியொருவர்க்கு உள்ள உரிமை யாது?

ஒருகால் இருந்தது. 2000-ஆம் ஆண்டில், மண்டிலத்திற்கு ஒருவராக ஐந்து இயக்குநர்களை இணையப் பயனாளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். ஏறத்தாழ 34,000 பேர் வாக்களித்தனர். பொறுத்தார்களா? 2002-இல் 'சீர்திருத்தம்' என்னும் பெயரால் அவ் வாக்குரிமையையே ஒழித்தனர்! இன்று வாக்குடைய இயக்குநர் 16 பேருள், பயனாளர் சார்பில் அமர்பவர் ஒரே ஒருவர். அவரையும் மக்கள் நேரே தேர்வதில்லை.

வாக்காளர் இன்னார் என்று உறுதிசெய்தல் அரிது, செலவு மிகும், சூழ்ச்சி நுழையும் என்று கரணியம் கூறினர். கள்ள வாக்குக்கு அஞ்சித் தேர்தலையே ஒழிப்பது, எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதன்றோ?

'கருத்துரைக்க வாய்ப்புண்டே!' என்பர். உண்டு, அதன் வலிமையையும் கண்டோம். பொதுநல அமைப்புகள் மிகுதியாய்ப் பயன்படுத்தும் '.ஆர்க்' ஈற்றின் விலைவரம்பை நீக்க 2019-இல் முனைந்தபோது, மூவாயிரவர்க்கு மேல் எழுதினர். மிகப் பெரும்பாலோர் எதிர்த்தே எழுதினர். வரம்பு நீக்கப்பட்டது! அவ்வாண்டே அவ் வீற்றை நடத்தும் அமைப்பை ஒரு முதலீட்டு நிறுவனத்திற்கு 113 கோடி தாலருக்கு மேல் விற்கத் துணிந்தனர். மீண்டும் எதிர்ப்பு மூண்டது. கலிபோர்னியத் தலைமை வழக்கறிஞரும் எதிர்த்து எழுதினார். அதன்பின்னரே 2020-இல் ஐகேன் இசைவு மறுத்தது. வாக்கில்லாதவன் குரல் வெறும் விண்ணப்பம். எவரேனும் வல்லவர் துணைநின்றாலன்றி அஃது அம்பலம் ஏறுவதில்லை.

தமிழர்க்கு இதில் என்ன என்று வாளா இருத்தல் ஆகாது. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்னும் ஈறுகள் தமிழெழுத்திலேயே வழங்குகின்றன. அத்தகைய ஈறுகளில் எவ்வெத் தமிழெழுத்துகள் இடம்பெறலாம் என்னும் வரையறையும் ஐகேன் வழியே, பொதுக்கருத்துக்கு வைக்கப்பெற்றே முடிவாகின்றது. நாம் வாய்மூடி இருந்தால், நம் எழுத்தின் எல்லையைப் பிறர் வகுப்பர்.

தமிழர்களே! கருத்துரைக்கக் கட்டணமில்லை, எவர் பரிந்துரையும் வேண்டுவதில்லை. அடுத்த வரைவு வெளிவருங்கால் ஊன்றிப் படியுங்கள். பிழை கண்டவிடத்துச் சான்றுடன் எழுதுங்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் இறுதியில் இதனையும் சேருங்கள்: 2002-இல் பறித்த வாக்குரிமையைத் திரும்பக் கொடு! கேளாத உரிமை கிட்டாது!