குழப்படிகாரன் என்னும் பட்டம்

வகுப்பிலே எல்லாப் பிள்ளைகளும் கணக்குச் செய்துகொண்டிருக்க, ஒருவன் மட்டும் பென்சிலை உருட்டுகிறான். யன்னலுக்கு வெளியே காகத்தைப் பார்க்கிறான். வாங்கை விட்டு எழும்புகிறான். தவணை முடியுமுன்னரே 'குழப்படிகாரன்' என்னும் பட்டம் அவனுக்கு நிலைத்துவிடுகிறது. நாளடைவில் அவனும் அதனை நம்பிவிடுகிறான். நாம் அஞ்சவேண்டியது இதற்கே.

புத்தியிற் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கியாள இயலாத பிள்ளைகளைப் பற்றி, 1902ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்ரில் விரிவுரைகள் நிகழ்த்தினார். கவனம் நில்லாமை சோம்பலன்று. பெற்றாரின் வளர்ப்புப் பிழையுமன்று என்பதை இன்றைய வைத்தியவுலகம் நன்கறியும். ஓடியாடாது கனவிலாழ்ந்தாற்போல் அமைதியாயிருக்கும் பிள்ளைகளிடத்தும் இக்குறை உண்டு. பெண்பிள்ளைகள் பலர் இவ்வாறே எவர் கண்ணிலும் படாது போகின்றனர்.

முதலிற் கண்ணையும் காதையும் சோதிப்பித்தல் வேண்டும். போதிய உறக்கமும் காலையுணவும் கிடைக்கின்றனவா எனவும் பார்த்தல் வேண்டும். மருந்து தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். ஆயின், மருந்தின்றியே வகுப்பறையிற் செய்யத்தக்கவை பல உள.

யன்னலுக்கும் வாசலுக்கும் அப்பால், ஆசிரியருக்கு அண்மையில் அவனை இருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே கொடுங்கள். அதனை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். பத்துக் கணக்குகளை ஒருங்கே கொடாது, ஐந்தைக் கொடுத்துப் பார்வையிட்டபின் மற்றைய ஐந்தைக் கொடுங்கள். இடையிலே கரும்பலகையைத் துடைக்கவும் கொப்பிகளைச் சேர்த்துவரவும் அவனையே ஏவுங்கள். அசையத் துடிக்கும் உடலுக்கு அது முறையான வேலையாகும்.

பாராட்டு உடனுக்குடன் கிடைத்தல் வேண்டும். தவணை முடிவிற் கிடைக்கும் பரிசு அவனுக்கு வெகுதூரம். 'தொடங்கிய வேலையை முடித்தான்', 'கையுயர்த்திப் பேசினான்' என இரண்டொரு குறிக்கோள்களை மட்டும் ஒரு சிற்றட்டையில் எழுதி, ஆசிரியர் நாடோறும் அடையாளமிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். அன்று மாலையே தாய் அதனைப் பார்த்து மகிழ்ந்து, அவன் விரும்பும் விளையாட்டுக்குச் சிறிது நேரம் கூடுதலாக அளித்தாற் போதும். அடையாளம் குறைந்த நாளில் ஏசவேண்டாம். நாளை மற்றொரு நாள்.

பிரம்பு அச்சத்தை வளர்க்கும், கவனத்தை வளர்க்காது. மாணவர்களே, அத்தகைய தோழன் உங்கள் வாங்கிலும் இருக்கலாம். அவனைப் பட்டம் சொல்லி அழையாது பெயர் சொல்லி அழையுங்கள்.