காக்ளியர் இம்ப்ளான்ட்: ஆபரேஷன் ஓரிடம், டெஸ்ட் செய்பவர் வேறிடம்... எப்படி?

காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனில் எலக்ட்ரோடை உள்காதுக்குள் செருகிய பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: கருவி வேலை செய்கிறதா? அதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் தியேட்டருக்குள் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

என்ன டெஸ்ட் இது?

உள்காதில் வைக்கும் கம்பியில், நிறுவனத்தைப் பொறுத்து 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் வரை இருக்கும். ஒவ்வொன்றிலும் மின்சாரம் சரியாகப் பாய்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்து, சின்னத் தூண்டல் கொடுத்து செவிநரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்பார்கள். பழுதான கருவியை வைத்து மூடிவிட்டால், இன்னொரு ஆபரேஷன்தான் வழி.

ரிமோட்டில் எப்படி?

தியேட்டரில் ஒரு லேப்டாப், அதில் டெஸ்ட்டுக்கான சாஃப்ட்வேர். கருவியோடு பேசும் காயிலை அங்கிருப்பவர்கள் தலையில் பொருத்துவார்கள். ஆடியாலஜிஸ்ட் தன் அறையிலிருந்தே இன்டர்நெட் வழியாக அந்த லேப்டாப்பை இயக்குவார். நெட் கட்டானால் டெஸ்ட்தான் நிற்கும், ஆபரேஷன் நிற்காது. ஆனாலும் லேப்டாப்பைக் கையாளத் தெரிந்த ஒருவர் தியேட்டரில் இருப்பது நல்லது.

என்ன லாபம்?

டெஸ்ட் சில நிமிட வேலை. அதற்காகப் பயணம், உடை மாற்றுவது, காத்திருப்பது என்று போகும் நேரம்தான் அதிகம். இதில் நேரம் மிச்சமாகிறது என்று நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மிச்சமாகும் நேரத்தில் மற்ற நோயாளிகளைப் பார்க்கலாம்.

டெஸ்ட் ஓகே என்றால் கேட்டுவிடுமா?

அப்படி இல்லை. நரம்பு பதில் தருகிறது என்பது மட்டும்தான் தெரியும். பதில் வராவிட்டால் தோல்வி என்றும் அர்த்தமில்லை. கம்பியின் நுனி உள்ளே மடங்கியிருந்தால் இந்த டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம், எக்ஸ்ரே தேவைப்படும். சில வாரங்கள் கழித்துதான் கருவியை ஆன் செய்வார்கள். பிறகு ஒலி அளவைச் சரிசெய்யும் 'மேப்பிங்', பேச்சுப் பயிற்சி என்று ஆண்டுக்கணக்கில் தொடரும்.

அப்போ உண்மையான சவால் எங்கே?

தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் செய்யப்படுகிறது. ஆனால் மேப்பிங்குக்கு ஊர்விட்டு ஊர் போகும் குடும்பத்துக்கு, ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும், பஸ் செலவும் சேரும். அலைச்சல் தாங்காமல் பாதியில் விட்டால், செய்த ஆபரேஷனின் பலன் குறைந்துவிடும்.

மேப்பிங்கையும் ரிமோட்டில் செய்ய முடியும். ஒரு நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-ல் இதற்கு அனுமதி தந்தது. ஆனால் 6 மாத அனுபவம் உள்ளவர்களுக்குத்தான். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் இருந்த 39 பேருமே 12 வதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையவர்கள். எங்கே வலிக்கிறது, எது சத்தமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு அது அப்படியே பொருந்தாது.

தியேட்டரில் ரிமோட் வந்தால் மருத்துவமனைக்கு நேரம் மிச்சம். அதே வசதி, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவரோடு மாவட்ட மருத்துவமனை வரை வந்தால்தான் குடும்பங்களுக்கு அலைச்சல் மிச்சமாகும்.