ஒரு கரண்டிச் சர்க்கரையின் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரவுப் பணி செய்வோர் பலர் என்னிடம் சிகிச்சைக்கு வருகின்றனர். என்ன உண்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் தேநீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு கிலோகலோரி என்பது 1.163 வாட்-மணி. 5,000 மில்லி ஆம்பியர்-மணி கைப்பேசி மின்கலம் முழுமையாக நிறைந்தால், அதில் ஏறத்தாழ 19 வாட்-மணி, அதாவது சுமார் 16 கிலோகலோரி ஆற்றல் இருக்கும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது 4 கிராம், தருவதும் அதே 16 கிலோகலோரிதான்.

ஓர் இரவில் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் 40 கிராம். பத்து முறை கைப்பேசியை நிரப்பும் ஆற்றல் அது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது கூடுதல் நன்மை தரும் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது.

மின்கலம் நிறைந்ததும் மின்னேற்றம் நின்றுவிடும். உடலோ மிகுதியைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கும்.

தொழிற்சாலை உணவகங்கள் சர்க்கரையைத் தேநீரில் கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் மட்டும், மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவு முறையை மாற்றுங்கள்.