பழமையைப் பூச முடியுமா?

பழசுக்கு இப்போது நல்ல மவுசு. நாகர்கோவிலில் புதிதாகத் திறக்கிற சாப்பாட்டுக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம், கல்லாப் பக்கம் டயல் சுற்றுகிற தொலைபேசி, வாசலில் கறுப்பேறிய உருளி. அந்த உருளியில் யாரும் பிரதமன் வைத்திருக்க மாட்டார்கள். பலதும் மருந்து தடவிக் கறுக்க வைத்தவை. இதைப் பற்றி எழுத வேண்டுமென்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். எழுத வைத்தது ஒரு கிட்டார்.

என் அக்காவின் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன தடவை ஊருக்கு வந்தபோது ஒரு கிட்டார் கொண்டுவந்தான். உடம்பு முழுக்கப் பித்தளை, மேலே நிக்கல் முலாம். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது வருஷம் இரும்போடும் பித்தளையோடும் கிடந்தவன். முலாம் பூசுகிறவர்களையும் பஃப் அடிக்கிறவர்களையும் எனக்குத் தெரியும் என்று என்னிடம் வந்தான்.

“பாட்டா, இத எண்பது தொண்ணூறு வருஷப் பழசு மாதிரி ஆக்கணும். ஆளு இருக்கா?”

“காசு குடுத்துப் புதுசு வாங்கிட்டு, அதக் கெடுக்கதுக்கும் காசு குடுக்கணுமா மக்கா?”

“கெடுக்கது இல்ல பாட்டா, அதுக்கு ஒரு அழகு உண்டு.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வகைக் கிட்டாருக்கு ஒரு கதை இருக்கிறது. 1920களில் மேடைகளில் கிட்டார் சத்தம் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே எடுபடவில்லை. மின்சாரக் கிட்டார் இன்னும் வரவில்லை. ஜார்ஜ் பீச்சம் என்ற கலைஞர் சத்தமான கிட்டார் வேண்டுமென்று கேட்க, ஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய ஜான் டோபியேரா அதைச் செய்து கொடுத்தார். 1927இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘நேஷனல்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பழைய வால்வு ரேடியோவைத் திறந்தால் ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கூம்பு இருக்கும் அல்லவா? அதுபோல மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றை உள்ளே வைத்தார். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் கூம்புக்குப் போய்ச் சத்தம் பெருகும். வீணைக்குக் குடம் செய்கிற வேலையை இங்கே கூம்பு செய்கிறது. உடம்பு ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை, வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. பின்னால் பித்தளையில் நிக்கல் முலாம் பூசியும், மலிவு விலைக்கு எஃகிலும் செய்தார்கள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1985ஆம் வருஷ இசைத்தட்டு உறையில் ஆகாயத்தில் மிதக்கிறதே, அது இந்த நிக்கல் முலாம் பூசிய வகைதான்.

நம் நாட்டுக்கும் இது அன்னியமில்லை. ஹவாய் இசைக்கலைஞர் டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தவர். அவர் கையில் இருந்தது நேஷனல் கிட்டார்.

இனி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பழமை என்பது கறை அல்ல, தேய்மானம். கறையைப் பூசலாம். தேய்மானத்தைப் பூச முடியாது.

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கில் என் பாட்டியின் பெயரும் 1103 என்ற ஆண்டும் வெட்டியிருக்கிறது. 1956இல் தமிழகத்தோடு சேரும்வரை நமக்குக் கொல்லம் ஆண்டுதானே பழக்கம். ஆங்கிலக் கணக்கில் 1927-28. டோபியேராவின் கிட்டாருக்கும் அதே வயசு. அந்த விளக்கில் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. மூன்று தலைமுறைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். பழசு என்பது எதில் தெரிகிறது? பெயரின் எழுத்துகள் மழுங்கி, விரலால் தடவினால்தான் பிடிபடுகின்றன. பிடித்துத் தூக்குகிற இடம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. செம்பில் களிம்பு போல உயிரில் மலம் என்று உவமை சொன்னது சைவ சித்தாந்தம். களிம்பு நமக்குத் துலக்கி நீக்க வேண்டியது. அதையே அழகென்று விலை கொடுத்து வாங்குவது இன்றைய மோஸ்தர்.

கிட்டாரிலும் அப்படித்தான். உண்மையாகவே பழைய கருவியில், வாசிப்பவரின் முழங்கை படிகிற விளிம்பில் முலாம் தேய்ந்து பித்தளை தெரியும். விரல் உரசுகிற மூடியில் தேயும். அவர் எப்படிப் பிடித்தார், எந்தக் கையால் மீட்டினார் என்று அந்தத் தேய்மானம் சொல்லும். எமரித் தாளால் அங்கங்கே சுரண்டினால் அது யாருடைய கதையையும் சொல்லாது.

“என் கிட்டார், என் காசு” என்று கேட்கலாம். சரி. ஆனால் அவன் காட்டிய வழி அமோனியா ஆவியில் மூடி வைத்துப் பித்தளையைப் பழுப்பாக்குவது. உலோகத்தோடு பழகியவன் என்ற முறையில் அதற்கு நான் சம்மதிக்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, மழைக்காலத்தில் அவை தானாகவே விரிசல் விட்டன. காரணம் புரியாமல் பல காலம் குழம்பினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல் தெளிவானது. வளைத்தும் அழுத்தியும் செய்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் அந்த இடத்தில் கீறும். கிட்டாரின் உடம்பும் வளைத்துச் செய்த மெல்லிய தகடுதான். அழகுக்காகக் கருவியையே பணயம் வைப்பதா?

இன்னொன்று. அவன் அதை நாளைக்கு விற்றால், வாங்குகிறவனிடம் யார் உண்மையைச் சொல்வது? கை மாற மாற ‘பழசு மாதிரி’ என்பதில் ‘மாதிரி’ உதிர்ந்துபோகும்.

என்னை உறுத்துவது வேறு. நம் ஊரில் எத்தனை வீடுகளில் உருளியும் சருவமும் கிண்டியும் எடைக்குப் போய் எவர்சில்வராகத் திரும்பி வந்தன! பெயர் வெட்டிய பாத்திரங்கள் கோட்டாற்றுக் கடைவீதியில் தராசில் ஏறி, பிறகு உலையில் உருகின. பெயரும் ஆண்டும் கிலோக் கணக்கில் போயின. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று புதுப் பித்தளையைப் பழசாக்க ஆள் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வீட்டில் கிடைக்காததைக் கடையில் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இளையவர்களுக்கு நான் சொல்வது இது. உண்மையாகவே பழைய கருவி கையில் கிடைத்தால் பஃப் சக்கரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் பொறித்த தென்னை மரம் மழுங்கும், மீதியிருக்கும் முலாமும் போகும். புதிய கருவி என்றால் செலவைக் கூம்பிலும் குதிரையிலும் தந்தியிலும் செய்யுங்கள், காது அறியும். மேலே ஒன்றும் பூச வேண்டாம். முட்டத்திலும் குளச்சலிலும் அடிக்கிற உப்புக் காற்றும் உங்கள் கைவேர்வையும் கூலி வாங்காமல் அந்த வேலையைச் செய்யும்.

அப்படியும் தனக்கென்று ஓர் அடையாளம் வேண்டுமென்றால், நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. மேல்மூடியைத் தனியே கழற்றி, நகை வேலைக்குப் பேர்போன வடசேரியில் செதுக்குகிற கையுள்ள ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் பெயரையும் வாங்கிய ஆண்டையும் வெட்டச் சொல்லுங்கள். கொல்லம் ஆண்டில் வெட்டினாலும் சரி. வேறு யாருடைய தொண்ணூறு வருஷத்தையோ திருடிப் பூசுவதைவிட, தன்னுடைய முதல் வருஷத்தைப் பொறித்து வைப்பது மேல். மழுங்க வைக்கிற வேலையைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.